கிட்டங்கித் துரிஞ்சில்களும் நீலப் பெட்டியும்

நம் ஹாஸ்டல் குழுவில் நேற்றுக் காலை வந்த செய்தியை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். வழக்கம்போலக் கும்பிடும் கை, ரோஜாப்பூ, தாமரைப்பூ என்று அனுப்பிவிட்டு அடுத்த வேலைக்குப் போயிருப்பீர்கள். பூச்சி தின்னும் சின்ன வௌவால்கள் பயிரைக் கெடுக்கிற அந்துப்பூச்சிகளைப் பிடித்துத் தின்கின்றன, அவற்றை விரட்டாதீர்கள் என்று யாரோ எழுதியிருந்த செய்தி. நான் மட்டும் அதற்குப் பூ எதுவும் போடவில்லை. போனைக் கவிழ்த்து வைத்தேன். பிறகு ஒரு போன் பேசினேன். அதைச் சொல்வதற்கு முன்னால், உங்களிடம் சொன்ன பழைய பொய் ஒன்றைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும்.

என் ட்ரங்குப் பெட்டி உங்களுக்கு ஞாபகம் இருக்கும். நீலப் பெட்டி. மூடியின் மேல் ஆண்டாள் காலண்டர் படம் ஒட்டியிருக்கும். பக்கத்துப் படுக்கைக்காரி, "உனக்கு எம்புட்டு பக்திட்டி" என்று கேலி செய்வாள். வார்டன் அம்மாவோ, ஊரிலிருந்து வருகிற பெற்றோர்களிடம் என் பெட்டியைக் காட்டிப் பெருமையாகச் சொல்வார். நானும் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொள்வேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் படிக்க வந்துவிட்டு ஆண்டாளை வைத்துப் பொய் சொன்னவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். பக்தியாவது கத்தரிக்காயாவது. அந்தப் படத்துக்குக் கீழே இன்னொருத்தியின் பெயர் இருந்தது.

அவள் என் பெரியப்பா மகள். என்னைவிட ஐந்து மாதம் மூத்தவள். அந்த ஐந்து மாதத்துக்காக ஆயுசு முழுக்க அக்கா என்று கூப்பிட வேண்டும் என்பதில் தொடங்கியது என் பொறாமை. பல் முளைத்ததும் அவளுக்கு முதலில், பல் விழுந்ததும் அவளுக்கு முதலில். அவள் போட்டுக் கழித்த பாவாடை எனக்கு வரும். ஐந்தாம் வகுப்பில் வாத்தியார் இரண்டு சிலேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "கையெழுத்துன்னா உங்க அக்கா கையெழுத்துதான்" என்பார். என் சிலேட்டை நான் எச்சில் தொட்டு அழித்துவிடுவேன்.

எங்கள் ஊர் சோழபுரத்துக்குப் பக்கம். புரட்டாசியில் பருத்தி போட்டால் தையில் வெடிக்கும். அப்பா பட்டாளத்திலிருந்து பென்ஷனோடு திரும்பி வந்ததும் அவருக்கும் பெரியப்பாவுக்கும் பாகம் பிரிந்தது. எங்கள் பக்கம் மூத்தவன் பங்கு வைப்பான், இளையவன் முதலில் எடுப்பான். ஒரு பக்கத்தைக் கூட்டி வைத்தால் தம்பி அதையே எடுத்துக்கொண்டு போய்விடுவான் என்பதால் அண்ணன் நியாயமாகத்தான் பிரித்தாக வேண்டும். பெரியப்பா வரப்பில் நின்றுகொண்டு, "எது வேணுமோ எடுத்துக்கோ தம்பி" என்றார். அப்பா ரோட்டை ஒட்டிய பாதியை எடுத்தார். மற்றப் பாதியின் கோடியில் எங்கள் பூட்டன் கட்டிய பருத்திக் கிட்டங்கி இருந்தது. பருத்தியை அடுக்கி வைத்து விலை வந்ததும் விற்பதற்காகக் கட்டியது. கல் சுவர், பனங்கை போட்ட ஓட்டுக்கூரை, கதவு போன வாசல். உள்ளே துரிஞ்சில்கள் அடைந்து கிடந்தன.

துரிஞ்சில் என்றால் ஆலமரத்தில் தொங்குகிற பெரிய வௌவால் இல்லை. கட்டைவிரல் பருமன்தான் இருக்கும். பகலெல்லாம் பனங்கை இடுக்கில் ஒன்றோடொன்று ஒண்டிக்கொண்டு கிடக்கும். உள்ளே போனால் மூத்திர வாடை கண்ணைக் கரிக்கும். "அந்த நாத்தம் புடிச்ச கட்டடம் யாருக்கு வேணும்" என்றார் அப்பா. பூட்டன் கட்டியதை ஒருத்தர் பேருக்கு எழுதக் கூடாது என்று கிட்டங்கியை மட்டும் பொதுவில் விட்டார்கள்.

பிரித்த முதல் வருஷமே பெரியப்பா பருத்தி வெள்ளை வெளேரென்று வெடித்தது. எங்களுடையதில் காய்க்குக் காய் புழு. அப்பா முதுகில் ஸ்பிரேயரை மாட்டிக்கொண்டு வாரா வாரம் மருந்து அடித்தார். அந்த நெடியில் அம்மாவுக்குத் தலைவலி வந்ததுதான் மிச்சம். பருத்தி எடுக்க வருகிற பெண்களுக்குப் பெரியப்பா புஞ்சையில் கிட்டங்கியை ஒட்டிய நிரைதான் வேண்டும். அவர்களில் மூத்தவள் விடிவதற்குள் வந்து அந்த நிரையில் சாக்கைப் போட்டு இடம் பிடிப்பாள். எங்கள் புஞ்சைக்கு வந்தாலும் பெரியப்பா வரப்பை ஒட்டிய நிரைக்குத்தான் போட்டி. "அந்தப் பக்கம் சொத்தை இல்லக்கா" என்று அம்மாவிடம் வெளிப்படையாகவே சொன்னாள். அப்பா அதற்கும் காரணம் வைத்திருந்தார். அண்ணன் ஏதோ உசத்தியான மருந்து அடிக்கிறார், அது காற்றில் இந்தப் பக்கமும் கொஞ்சம் வருகிறது என்றார். "பங்கு வைக்கையிலயே எல்லாம் யோசிச்சுத்தான் வச்சிருக்கான்" என்றும் சொன்னார். தானே பார்த்து எடுத்த பங்குக்கு அண்ணன்மேல் குறைப்பட்டவர் அவர். எனக்கு இந்தக் குணம் வேறு எங்கிருந்தும் வரவில்லை.

அந்த வருஷம் ஆடிப்பூரத் தேர் பார்க்க எல்லோரும் ஒன்றாகத்தான் போனோம். ரதவீதிக் கடையில் பெரியப்பா ஒரு ட்ரங்குப் பெட்டி வாங்கினார். அடுத்த வருஷம் அக்காவை ஸ்ரீவில்லிபுத்தூர் ஹாஸ்டலில் சேர்த்து ஆறாம் வகுப்பு படிக்கவைக்கப் போகிறாராம். எங்கள் ஊரில் ஐந்தோடு சரி, அதற்கு மேல் எந்தப் பெண்ணும் போனதில்லை. "இன்னொரு வெள்ளாமை இதே மாதிரி வந்தாப் போதும்" என்றார் பெரியப்பா. பெட்டிக்காரர் பெயர் எழுதித் தருகிறேன் என்று பிரஷ்ஷை எடுத்தார். அக்கா, "நானே எழுதுதேன்" என்று வாங்கி, வெள்ளைப் பெயிண்டில் ஒரு எழுத்துக்கூடச் சாயாமல் எழுதினாள். கடையில் நின்றவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். எனக்கு ஒரு டஜன் கண்ணாடி வளையலும் பால்கோவாவும் கிடைத்தன. பால்கோவாவை அன்றைக்கு நான் தின்னவில்லை. நான் எதையாவது தின்னாமல் விட்டேன் என்றால் விஷயம் பெரிதென்று உங்களுக்கே தெரியும்.

புரட்டாசியில் மறுபடி விதைத்தாகிவிட்டது. செடியில் சப்பை என்கிற பூமொட்டு கட்டுகிற சமயம் அப்பா என்னைக் கூப்பிட்டார். "ஏட்டி, அவிய புஞ்சைக்குப் போனா சும்மா வெளாண்டுட்டு வராத. என்ன மருந்து டப்பா கெடக்குன்னு பாத்துட்டு வா." பட்டாளத்தில் இருந்தவர் வேவு பார்க்கச் சொல்கிறார் என்று எனக்கும் உற்சாகம்தான். வரப்பு, வாய்க்கால், மோட்டார் ரூம் எல்லாம் தேடினேன். டப்பா ஏதும் இல்லை. பெரியப்பா மருந்தே அடிக்கவில்லை என்பது என் சின்ன மூளைக்கும் ஏறவில்லை, அப்பாவின் பெரிய மூளைக்கும் ஏறவில்லை.

கடைசியில் ஒருநாள் சாயங்காலம் கிட்டங்கி வாசலில் அக்காவைப் பிடித்தேன். வாயில் துணியைக் கட்டிக்கொண்டு கூடையில் எதையோ கூட்டி அள்ளிக்கொண்டிருந்தாள். துரிஞ்சில் புழுக்கை. எள் மாதிரி கறுப்பாக இருந்தது. "அப்பா செடிக்குப் போடுவாக" என்றாள். பிறகு என் கையைப் பிடித்து இழுத்து, உள்ளங்கையில் கொஞ்சம் புழுக்கையை வைத்துக் கட்டைவிரலால் நசுக்கினாள். தூளில் பொடிப்பொடியாக ஏதோ மினுங்கியது.

"என்ன தெரியுமா? அந்துப்பூச்சி செறகு. இதுக திங்கிறது பூராவும் பூச்சிதாம்ட்டி. அங்க பாரு."

தரையில் புழுக்கையோடு பிய்ந்த சிறகுகளும் கிடந்தன. அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மேற்கே மலைக்குப் பின்னால் வெளிச்சம் இறங்கியது. துரிஞ்சில்கள் எங்கள் தலைக்கு மேலாக வாசல் வழியே கிளம்பின. சத்தமே இல்லை, முகத்தில் காற்று மட்டும் பட்டது. பருத்திச் செடிக்கு மேலே தாழப் பறந்து, வெட்டித் திரும்பி, எங்கள் புஞ்சைக்குள்ளும் போய் வந்தன. "பாத்தியா, உங்க பூச்சியையும் சேத்துத்தான் புடிக்குது" என்று அக்கா சிரித்தாள். அவளுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லையே என்று எரிந்தது. துரிஞ்சில்கூட இவளுடையதுதானா என்று தோன்றியது.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் பாதியைத்தான் சொன்னேன். "டப்பா ஒண்ணும் இல்லப்பா. கிட்டங்கிக்குள்ள இருந்து எருவு அள்ளி அள்ளிப் போடுதாக." அந்த மினுக்கத்தைச் சொல்லவில்லை. சிறகைச் சொல்லவில்லை. சொன்னால் அது அக்கா கண்டுபிடித்ததாகிவிடும். அப்பா அவளைக் கெட்டிக்காரி என்பார். அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து அவளுக்கு வாங்கிக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

அப்பா தொடையில் தட்டிக்கொண்டு எழுந்தார். "அதான் சங்கதி! பொதுவுல கெடக்குற எருவத்தான் ஒத்த ஆளா அள்ளித் திங்கிறான்."

பெரியப்பா சண்டைக்கு வரவில்லை. "எருவுதானப்பா, எடுத்துக்கோ. சாயங்காலம் அதுக வெளிய போன பொறவு அள்ளு. பகல்ல கலைக்காத, ஒறங்கும்" என்றார். அப்பாவுக்கு இதிலும் சூது தெரிந்தது. சாயங்காலம் இருட்டுவதற்குள் எம்புட்டு அள்ள முடியும், அதற்குள் அண்ணனே காலி பண்ணிவிடுவார் என்று அம்மாவிடம் சொன்னார்.

மார்கழியில் ஒரு சனிக்கிழமை பெரியப்பாவும் பெரியம்மாவும் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்தில் இருக்கிற திருவண்ணாமலைப் பெருமாள் கோயிலுக்குப் போயிருந்தார்கள். அப்பா இரண்டு ஆட்களோடு மாட்டுவண்டியைக் கிட்டங்கி வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். உள்ளே போன ஆட்கள் போன வேகத்தில் வெளியே வந்தார்கள். மூஞ்சி மூஞ்சியாக வந்து அடிக்கிறது என்றார்கள். வேப்பங்குழையைக் கொளுத்திப் புகை போட்டார்கள். துரிஞ்சில்கள் இடுக்குக்குள் இன்னும் நெருக்கிக்கொண்டனவே தவிர வெளியே வரவில்லை.

"வத்தல் போட்டாப் போயிரும்பா" என்றேன்.

யாரும் என்னைக் கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன். அப்பா, "பட்டாளத்தான் மகள்ல!" என்று சிரித்தார். எங்கள் மோட்டார் ரூம் மேல் அம்மா மிளகாய் வத்தல் காயப் போட்டிருந்தாள். ஓடிப்போய் ஏணியில் ஏறிப் பாவாடை மடி நிறைய அள்ளிக்கொண்டு வந்து நெருப்பில் கொட்டினேன். எதற்காக அந்த ஓட்டம் ஓடினேன் என்று அப்போதே எனக்குத் தெரியும். எருவுக்காக இல்லை. அவளுடைய துரிஞ்சில்கள் போக வேண்டும்.

போயின. வாசல் வழியாகவும் ஓட்டு இடுக்கு வழியாகவும் கறுப்பாகப் பொங்கி வந்தன. வெயிலில் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு பறந்தன. எங்கிருந்துதான் அத்தனை காக்கைகள் வந்தனவோ. பறக்கும்போதே கொத்தித் தூக்கின. கீழே விழுந்தவை சிறகை ஊன்றி ஊன்றி நகர்ந்தன. புகையைப் பார்த்துவிட்டு அக்கா வரப்பு வழியாக ஓடி வந்தாள். ஒரு பனமட்டையை எடுத்துக் காக்கையை விரட்ட ஆரம்பித்தாள். தப்பியவை மேற்கே மலைப்பக்கம் போயின. மற்றதைக் காக்கைகள் பார்த்துக்கொண்டன.

எனக்கு அதற்குள் கண்ணே தெரியவில்லை. வத்தல் கையோடு கண்ணைக் கசக்கிவிட்டேன். அம்மா அம்மா என்று கத்தினேன். அக்காதான் மட்டையைப் போட்டுவிட்டு வந்து கையைப் பிடித்துத் தண்ணீர்த் தொட்டிக்குக் கூட்டிப்போனாள். கண்ணைத் திறக்கச் சொல்லிச் சொல்லித் தண்ணீர் அடித்தாள். என் கையைக் கழுவிவிட்டு, மடியை நன்றாக உதறிவிட்டாள். "இப்ப எரியுதா?" என்று மட்டும் கேட்டாள்.

விளக்கு வைக்கிற நேரத்துக்குப் பெரியப்பா துளசியும் குங்குமமுமாகத் திரும்பி வந்தார். கிட்டங்கி வாசலில் நின்று வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னைக்கு ஒண்ணும் வெளிய வரக் காணுமே" என்றார். அப்பாவிடம் வேறெதுவும் கேட்கவில்லை.

அந்த எருவைப் போட்டதும் எங்கள் பருத்தி இடுப்பு உயரத்துக்குக் கருகருவென்று எழுந்தது. அப்பா ரோட்டில் போகிறவர்களை எல்லாம் நிறுத்திக் காட்டினார். தை பிறந்ததும் அந்துப்பூச்சி வந்தது. விளக்கைப் பொருத்தினால் சோற்றில் விழும், குழம்பில் விழும், அம்மா இருட்டுவதற்கு முன்பே பரிமாறி முடித்துவிடுவாள். காய்க்குக் காய் ஓட்டை. பெரியப்பா புஞ்சை, எங்கள் புஞ்சை என்று புழு பாகம் பார்க்கவில்லை. பருத்தி எடுக்கிற மூத்தவள் கிட்டங்கி நிரையில் நாலு காயைப் பிட்டுப் பார்த்துவிட்டுச் சாக்கைச் சுருட்டினாள். "புழுவத்தாம்மா எடுக்கணும். பருத்தி எங்க இருக்கு?" என்றாள்.

துரிஞ்சில் போனதால்தான் எல்லாம் போயிற்று என்று நான் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்ய மாட்டேன். அந்த வருஷம் பனி அதிகம், விதையும் சரியில்லை என்று பேசிக்கொண்டார்கள். அளவுக்கு மேல் எரு போட்டதும் தப்பு என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். ஆனால் மினுங்கின கையை ஒளித்தவள் நான். எனக்கு வேறு சாட்சி வேண்டாம்.

பெரியவர்கள் கண்டுபிடித்த காரணம் வேறு. அம்மா, பெரியம்மா கண் பட்டுவிட்டது என்றாள். பெரியம்மா, என் அம்மாவின் கண் என்றாள். அம்மா உப்பும் மிளகாயும் எடுத்துப் புஞ்சையைச் சுற்றி அடுப்பில் போட்டாள். "பாத்தியா, நெடியே வரல. கண்ணுதான்" என்றாள். எனக்கு நெடி வந்தது. கண் பட்டது என்னவோ உண்மைதான், யார் கண் என்பதில்தான் இரண்டு பேரும் ஏமாந்தார்கள்.

அப்பாவுக்குப் பென்ஷன் வந்தது. பெரியப்பாவுக்கு அந்தப் புஞ்சையை விட்டால் ஒன்றும் கிடையாது. வைகாசியில் ஒருநாள் அக்கா பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள். "நான் போகல. சித்தப்பா உன்னச் சேத்துவிடுதாகளாம்லா. பெட்டி சும்மாத்தான் கெடக்கு." ஒரு வருஷமாக எந்தப் பெட்டியை நினைத்துப் பொருமினேனோ அது என் முன்னால் இருந்தது. நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. இத்தனை வருஷத்தில் எனக்கு மிகவும் வெட்கமாக இருப்பது இந்த இடம்தான்.

ஹாஸ்டலில் முதல் நாள் பெட்டியைத் திறந்து துணியை எடுத்தேன். அடியில் விரித்திருந்த செய்தித்தாளுக்குக் கீழே நோட்டுக் காகிதத்தில் மடித்த ஒரு மிளகாய் வத்தல் இருந்தது. ஒரே ஒரு வத்தல். துணியில் பூச்சி அண்டாமல் இருக்கப் பெரியம்மா வைத்திருப்பாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறுநாளே ஒரு காலண்டரிலிருந்து ஆண்டாளைக் கிழித்து மூடியில் ஒட்டினேன். பக்திமான் ஆனேன்.

அக்கா பிறகு ராஜபாளையத்தில் மில்லுக்குப் போனாள். கல்யாணமாகிக் கான்சாபுரம் போனாள். நான் படித்து, வேலை பார்த்து, ஓய்வும் பெற்றுவிட்டேன். நியாயப்படி அவள்தான் என்னைப் பார்த்துப் பொறாமைப்பட வேண்டும். விசேஷங்களில் பார்க்கும்போதெல்லாம் அவள் முகத்தில் அதைத் தேடியிருக்கிறேன். என் வீட்டை, என் பிள்ளைகளை, என் பட்டுச்சேலையை அவள் வாய் நிறையப் பாராட்டுவாள். பொறாமை இல்லாமல் ஒருத்தியால் இருக்க முடிகிறதே என்று அதற்கும் எனக்குப் பொறாமையாக இருக்கும்.

நேற்று அந்தச் செய்தியை அவளுக்கு அனுப்பிவிட்டுப் போன் போட்டேன்.

"பாத்தேன்ட்டி" என்றாள். "எனக்குத் தெரிஞ்சதத்தான இப்ப எழுதுதாக. எங்க தோப்புல பழைய மோட்டார் ரூமுக்கு நான் கதவே போடவிடல. நூறு நூத்தம்பது அடையும்."

பெட்டிக்குள் அந்த வத்தலை யார் வைத்தது என்று கேட்டேன்.

"நான்தான். வேற யாரு? தொட்டிக்கிட்ட உன் மடிய உதறையில விழுந்தது. எடுத்து வச்சிருந்தேன்."

"வத்தல் போட்டது நான்தான்னு அன்னைக்கே தெரியுமா? ஏன்க்கா யாருகிட்டயும் சொல்லல?"

"சொல்லிருந்தா எங்கப்பாவும் உங்கப்பாவும் வெட்டிக்கிட்டுச் செத்துருப்பாக. உன்னையும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிருக்க மாட்டாக. ஒருத்தியாவது போகட்டும்னு நெனச்சேன்." அதோடு விடவில்லை. "ஆனா நீ அங்க போயி நிம்மதியா ஒறங்கிறக் கூடாதுல்ல? அதான் ஒண்ணு வச்சு அனுப்புனேன்."

அவளே மேலே பேசினாள்.

"எனக்குப் பொறாமை இல்லன்னா நெனச்ச? உன் பஸ்ஸு போற திக்கையே ஒரு வருசம் பாத்துக்கிட்டுக் கெடந்தேன்ட்டி. சரி, அந்தப் பெட்டி இருக்கா?"

"இருக்கு."

"எம் பேரு?"

ஆண்டாள் படத்தைப் பற்றிச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "படத்த எடுத்துட்டுக் கொண்டாந்து குடு. நான் பாக்கணும்" என்று போனை வைத்துவிட்டாள்.

இன்று காலையில் பரணிலிருந்து பெட்டியை இறக்கினேன். நீலம் வெளுத்துவிட்டது, மூலையெல்லாம் துரு. ஈரத்துணியை மூடியில் போட்டு ஊறவைத்துப் படத்தை மெல்ல உரித்தேன். முதலில் கிளி வந்தது, பிறகு மாலை வந்தது. அடியில் நீலமும் வெளுக்கவில்லை, வெள்ளையும் மங்கவில்லை. வெயில் படாமல் நான்தான் பத்திரமாக வைத்திருந்திருக்கிறேன். அவள் பெயர், ஒரு எழுத்துக்கூடச் சாயாமல்.

கையெழுத்தைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்குப் பொறாமையாகத்தான் இருக்கிறது. நாளைக்குக் கான்சாபுரம் பஸ் ஏறுகிறேன்.